காதைப் பொத்திய தரகன்

மலையடிவாரத்துக் காட்டில், ஓடை ஓரமாக, இரண்டு இருவாச்சிப் பறவைகள் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தன. ஆண் பறவையின் பெயர் கொண்டைச்சாமி. பெண் பறவை பவளாயி. வருஷாவருஷம் அவர்கள் குஞ்சு பொரித்த பழைய மரம் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. மாசியும் முடியப் போகிறது. பவளாயிக்கோ முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது.

மற்றப் பறவைகள் மாதிரி நாலு குச்சியை வைத்துக் கூடு கட்டிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். இருவாச்சிக்கு அது ஒத்துவராது. அதற்கு மரப்பொந்துதான் வேண்டும். பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்ததும் வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருக்கும். அந்தச் சந்து வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்கு இறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு வளர்ந்து, அவளுக்கும் புது இறகு முளைக்கிற வரைக்கும் அவளால் பறக்க முடியாது. பொந்து நல்லதாக வாய்த்தால் சரி. கெட்டதாக வாய்த்தால் தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு.

ஓடைக்கு இக்கரையில் ஒரு பெரிய வேங்கை மரம். அதில் ஒரு பொந்து காலியாகப் போகிறது என்று காட்டில் பேச்சு. அதன் சொந்தக்காரர் இருளாண்டி என்ற ஆந்தை. பக்கத்து மரத்தில் குக்குறுவான் பறவைகள் குடிவந்து, பொழுது விடிந்தால் பொழுது சாயும்வரை ‘குட்ரூ குட்ரூ’ என்று ஓயாமல் கத்துகின்றன. பகலில் தூங்குகிறவருக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்! ஆகவே அவர் அக்கரையில் மருத மரத்துப் பொந்து ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேங்கை மரத்து வீட்டைக் கைமாற்றிவிடப் பார்த்தார்.

விலை? காட்டில் ஏது காசு, பழம்தான். இருளாண்டி பழம் தின்னமாட்டார். ஆனால் அவர் குடியிருக்கிற மரத்தடியில் தினம் பழம் விழுந்தால் எலி வரும். எலி வந்தால் அவர் சாப்பாடு வாசலுக்கே வந்துவிடும். கெட்டிக்காரர்தான். ஐப்பசி வரைக்கும் தினம் பழம் போட வேண்டும் என்பது அவர் கேட்ட விலை. ரொம்பப் பேசினால் ஆடி வரைக்கும் போதும் என்பது அவர் மனசில் இருந்த விலை.

இதில் ஒரு சிக்கல். ஆந்தை கண் விழிக்கும்போது இருவாச்சி தூங்கப் போய்விடும். இருவாச்சி எழுந்திருக்கும்போது ஆந்தை குறட்டை விடும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவது எங்கே? அதனால் ராத்திரிக்காரர்களுக்கும் பகல்காரர்களுக்கும் நடுவே தரகர் வைத்துப் பேசுவதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

இருளாண்டி வைத்திருந்த தரகன் செவத்தான் என்ற மலையணில். பேரம் முடிந்தால் செவத்தான் கூட்டுக்கு ஒரு வருஷம் இருளாண்டி ராக்காவல் இருப்பார். இதுதான் பேசிய கமிஷன். போன வருஷம் ஒரு மரநாய் மரமேறி வந்து செவத்தானின் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து அவன் பெண்டாட்டி இருட்டினால் கண் மூடுவதில்லை. அந்தக் காவல் அவர்களுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

தரகு பேசிய அன்றே இருளாண்டி தன் அடிவிலையோடு இன்னொரு விஷயமும் சொல்லியிருந்தார். “இந்தா செவத்தான், பொந்துக்கு மேலே ஒரு விரிசல் இருக்கு. மழை பெய்தா தண்ணி இறங்கும். வர்றவங்ககிட்டே சொல்லிடு. பின்னாலே பேச்சு வரக்கூடாது.”

அவருக்கு அது சின்ன விஷயம். மழை வந்தால் வெளியே கிளைக்கு வந்து இறகை உதறிக்கொள்வார். அவ்வளவுதான். இருவாச்சி வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் பகலைப் பார்த்தவரா என்ன!

கொண்டைச்சாமியும் பவளாயியும் செவத்தானைத் தேடி வந்தார்கள். அவன் ஒரு கிளையில் வாலைத் தொங்கவிட்டு அத்திப்பழம் கொறித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, உங்களை நம்பித்தான் வந்திருக்கோம்” என்று ஆரம்பித்தாள் பவளாயி. “எங்க நிலைமையைக் கேளுங்க. எனக்கு நாள் ரொம்ப...”

செவத்தான் பழத்தைக் கீழே போட்டான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

“நிறுத்துங்க தாயி! மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாதீங்க.”

“ஏண்ணே?”

“நான் இருளாண்டி ஐயாவோட ஆள். கமிஷன் அவர்கிட்டேதான் பேசியிருக்கேன். உங்க கஷ்டம் என் காதில் விழுந்தா, அதை அவர்கிட்டே நான் சொல்லியாகணும். உங்க அவசரம், நீங்க எவ்வளவு தருவீங்க, இதெல்லாம் உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டைப் பத்திக் கேளுங்க. உள்ளது உள்ளபடி சொல்றேன்.”

கொண்டைச்சாமிக்கு மூக்கு இன்னும் சிவந்துவிட்டது. ஏற்கெனவே பெரிய மூக்கு.

“திமிரைப் பார்த்தியா பவளாயி? வாய்விட்டு ஒரு கஷ்டம் சொல்ல வந்தா காதைப் பொத்துறான். இவன்கிட்டே நமக்கென்ன பேச்சு, வா போகலாம்.”

“அண்ணாச்சி, கொஞ்சம் இருங்க. வீட்டிலே மேலே ஒரு விரிசல்...” என்று செவத்தான் கத்தினான். இருவாச்சி இறக்கை அடித்தால் காடே இரைகிற சத்தம் வரும். அதில் ஓர் அணில் கத்துவது யார் காதில் விழும்? இருவரும் போயே போய்விட்டார்கள்.

இதையெல்லாம் ஒருவன் மேல்கிளையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயர் துடுப்பன். நீண்ட வாலுள்ள கரிச்சான் குருவி. எந்தப் பறவை மாதிரியும் குரல் கொடுப்பான். மைனாவிடம் போனால் மைனா குரல், மயிலிடம் போனால் மயில் குரல். பேசுகிறவருக்குத் தன் சொந்தக்காரரோடு பேசுகிற மாதிரியே இருக்கும்.

கொண்டைச்சாமி உட்கார்ந்த கிளையில் அவனும் வந்து உட்கார்ந்தான். அச்சு அசல் இருவாச்சிக் குரலில் பேசினான்.

“என்னண்ணே, முகம் வாடியிருக்கு? அந்த அணில் ஏதாவது சொல்லிட்டானா? விடுங்க. நான் எதுக்கு இருக்கேன்? உங்க கஷ்டம் என் கஷ்டம். மனசைத் திறந்து சொல்லுங்க.”

கொண்டைச்சாமிக்கு உடம்பே குளிர்ந்துவிட்டது. கொட்டித் தீர்த்துவிட்டான். பவளாயிக்கு முட்டையிடும் நாள் வந்துவிட்டது, வேறு பொந்து எங்கேயும் கிடைக்கவில்லை, கேட்டால் வருஷம் முழுக்கக்கூடப் பழம் போடத் தயார். எதையும் மிச்சம் வைக்கவில்லை.

பவளாயி மட்டும் ஒன்று கேட்டாள். “தம்பி, நீங்க யாருக்கு ஆள்?”

“உங்களுக்குத்தான் மதினி. ஆந்தையாருக்கும் நானேதான் பேசப்போறேன்.”

“எங்களுக்கும் அவருக்கும் இழுபறி வந்தா எந்தப் பக்கம் நிப்பீங்க?”

“ரெண்டு பக்கமும் நானே நின்னா இழுபறி எங்கே வரும்?” என்று சிரித்தான் துடுப்பன். “பேரம் முடிஞ்சா நீங்க ஒரு பங்கு, அவர் ஒரு பங்கு வண்டு பிடிச்சுக் கொடுங்க. அது போதும்.”

பவளாயிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் வயிறு கனக்கிறதே, என்ன செய்வாள்?

அந்திக்கு இருளாண்டி கண் விழித்ததும் துடுப்பன் போய் நின்றான். இப்போது ஆந்தைக் குரல்.

“ஐயா, உங்க ஆள் செவத்தான் என்ன பண்ணினான் தெரியுமா? வாங்க வந்தவங்க தங்களோட ரகசியத்தைத் தாங்களே சொல்ல வந்தாங்க. இவன் காதைப் பொத்திக்கிட்டான். நான் கேட்டு வந்திருக்கேன். அவங்களுக்கு ரொம்ப அவசரம். வருஷம் முழுக்கக் கேளுங்க, கொடுப்பாங்க.”

இருளாண்டிக்குக் கோபம் வந்தது. செவத்தானைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“வர்ற சேதியைக் காதில் வாங்கமாட்டேன்னு சொல்ற தரகன் எனக்கு எதுக்கு?”

“ஐயா, நான் உங்க ஆள்னு அப்ப அவங்களுக்குத் தெரியாது. அவங்க ஆள்னு நினைச்சுச் சொல்ல வந்தாங்க. அப்படி வாங்குறது திருட்டு. அது எனக்கு வராது.”

“அப்ப கமிஷனும் உனக்கு வராது. துடுப்பன் பார்த்துக்குவான். நீ போகலாம்.”

செவத்தான் தலையைக் குனிந்துகொண்டு கூட்டுக்குத் திரும்பினான். ராக்காவல் இல்லை என்று அவன் சொல்வதற்கு முன்பே பெண்டாட்டி அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

இருளாண்டி துடுப்பனிடமும் தன் அடிவிலையைச் சொன்னார், விரிசலைப் பற்றியும் சொன்னார். “மறக்காமே சொல்லிடுப்பா.” அவனும் “ஆகட்டும் ஐயா” என்று தலையை ஆட்டினான்.

துடுப்பனுக்குக் கமிஷன் இரண்டு பக்கம், வாய் மூன்று பக்கம். மறுநாள் காலையில் இருவாச்சிகளிடம், “ஆந்தையார் எப்படியும் காலி பண்ணியே ஆகணும், குக்குறுவான் தொல்லை. ஆடி வரைக்கும்னாகூடச் சம்மதிப்பார்” என்று அந்தப் பக்கத்து ரகசியத்தையும் அவிழ்த்துவிட்டான். விளைவு என்ன? இவர்களுக்கு அவசரம் என்று தெரிந்ததும் இருளாண்டி வருஷம் முழுக்க வேண்டும் என்று ஏறிக்கொண்டார். அவர் போயே தீரவேண்டும் என்று தெரிந்ததும் கொண்டைச்சாமி சித்திரையோடு சரி என்று இறங்கிக்கொண்டான். பேரம் அசையவே இல்லை. பவளாயிக்கு நாளும் நிற்கவில்லை.

பேரம் முறிந்தால் வண்டு கிடைக்காதே! துடுப்பன் யோசித்தான். காலையில் இங்கே வந்து, “ஆடிக்கு ஒத்துக்கிட்டார், நாளைக்கு உள்ளே போங்க” என்றான். அந்தியில் அங்கே போய், “வருஷம் முழுக்க ஒத்துக்கிட்டாங்க, புது வீட்டுக்குக் கிளம்புங்க” என்றான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் போவதில்லை. யாருக்குத் தெரியும்? விரிசலைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை. அதைச் சொன்னால் இவர்கள் போய்விடுவார்களே.

மறுநாள் செவத்தான் தன் மரத்துச்சியில் காய் பறித்துக்கொண்டிருந்தபோது, கொண்டைச்சாமி ஓடைக்கரையில் மண் அள்ளுவதைப் பார்த்தான். மூக்கு நிறைய மண்ணோடு வேங்கை மரத்துக்குப் போகிறான், திரும்புகிறான், போகிறான். செவத்தானுக்குத் திக்கென்றது. பகலில் நடமாடுகிறவன் அல்லவா, இருவாச்சி வழக்கம் அவனுக்குத் தெரியும். வேங்கை மரத்தின் மேல்பக்கத்துக்குத் தாவிப் போய்ப் பார்த்தான். விரிசல் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவன் ஒரே ஓட்டமாகப் பொந்து வாசலுக்கு இறங்கினான். பாதி வாசல் அடைபட்டுவிட்டது. உள்ளே பவளாயியின் கண் தெரிந்தது.

“அண்ணாச்சி, பூச்சை நிறுத்துங்க! மேலே விரிசல் இருக்கு. மழை பெய்தா பொந்து நிறைஞ்சிடும். தாயியை வெளியே வரச் சொல்லுங்க.”

கொண்டைச்சாமி மண்ணைத் துப்பினான். “ஓகோ, கமிஷன் போச்சேன்னு வயித்தெரிச்சலா? எங்க பேரத்தைக் கலைக்க வந்தியா?”

“கமிஷன் போனது போனதுதான். இப்ப நான் யாருக்கும் ஆள் இல்லே. இது ஆந்தையார் சொல்லச் சொன்ன சேதி. அன்னைக்கே சொல்லியிருக்கணும், நீங்க பறந்துட்டீங்க.”

“துடுப்பன் எங்க ஆள். அவன் சொல்லாததை நீ என்ன சொல்றது? போடா.”

மண்ணை மறுபடி அள்ளப் போனான் கொண்டைச்சாமி. அப்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

“நில்லுங்க.”

பவளாயிதான்.

“அன்னைக்கு நான் என் ரகசியத்தை இவர் கையிலே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியிருந்தா இவருக்கு லாபம். வேண்டாம்னு காதைப் பொத்தினார். லாபம் வரும்போதே பொய்யா நடக்காதவர், லாபமே இல்லாதப்ப எதுக்குங்க வந்து பொய் சொல்லணும்?”

கொண்டைச்சாமி மண் அள்ளப் போவதை விட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தான்.

பவளாயி உள்ளே இருந்து மண்ணைக் கொத்தினாள். அவன் வெளியே இருந்து கொத்தினான். செவத்தான் நகத்தால் பறித்தான். நல்லவேளை, மண் இன்னும் ஈரம், இறகும் இன்னும் உதிரவில்லை. அவள் வெளியே வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்தாளோ இல்லையோ, கோடை மழை பிடித்துக்கொண்டது. அடித்த மழையில் எதிர்மரம் தெரியவில்லை. சற்று நேரத்தில் வேங்கை மரத்துப் பொந்தின் வாசல் வழியாகத் தண்ணீர் மதகு திறந்த மாதிரி கொட்டியது. பாதி பூசிய மண் கரைந்து மரத்தோடு வழிந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொண்டைச்சாமி மெதுவாக நகர்ந்து பவளாயி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

“தம்பி, என்னை மன்னிச்சிடு” என்றான் செவத்தானிடம். “எங்க குடும்பத்தையே நீ காப்பாத்திட்டே.”

மழை விட்டபோது அந்தி. இருவாச்சிகள் தூங்கப் போகவில்லை, தூக்கம் எப்படி வரும்? இருளாண்டியும் புது வீட்டில் இருந்து கண் விழித்து வந்தார். அந்தக் காட்டில் ஆந்தையும் இருவாச்சியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அன்றுதான்.

“விரிசலைப் பத்தி ஏன் மறைச்சீங்க?” என்றான் கொண்டைச்சாமி.

“மறைச்சேனா? ரெண்டு தரகர்கிட்டேயும் சொன்னேனே. வருஷம் முழுக்கப் பழம் தர்றோம்னு நீங்க...”

“வருஷமா? ஆடி வரைக்கும்னுதானே பேச்சு?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவருமே நிமிர்ந்து துடுப்பனைத் தேடினார்கள். அவன் அங்கே எதற்கு இருக்கப் போகிறான்! தூரத்தில் ஏதோ ஒரு மரத்தில் ஏதோ ஒரு குரல் கேட்டது.

வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் வழக்கத்தைப் பவளாயி சொல்லக் கேட்டதும் இருளாண்டியின் பெரிய கண் இன்னும் பெரிசாகிவிட்டது. “ஐயோ தாயி, எனக்குத் தெரியாதே. ஒரு தாயையும் பிள்ளையையும் கொன்ன பாவம் என் தலையிலே விழ இருந்ததே” என்று புலம்பினார்.

பவளாயி செவத்தான் பக்கம் திரும்பினாள். “அண்ணே, எனக்கு நாள் இல்லை. இப்பவாவது எங்களுக்கு ஆளா இருப்பீங்களா?”

“இருக்கேன் தாயி. ஆனா அதை ஐயா முன்னாடியே சொல்லிடணும்.” செவத்தான் இருளாண்டியைப் பார்த்தான். “ஐயா, நீங்க என்னை விலக்கிட்டீங்க. இந்த நேரத்திலே இருந்து நான் இவங்க ஆள். சம்மதமா?”

“சம்மதம்.”

“அப்ப இவங்களுக்காகக் கேட்கிறேன். உங்க மருத மரத்து வீடு நாலு பக்கமும் விரிசல் இல்லாத கெட்டி, ஒரு சொட்டு இறங்காது. அதை இவங்களுக்குக் கொடுங்க. மழைக்கு எழுந்து வெளியே வர்ற உங்களுக்குப் பழைய வீடே போதும்.”

இருளாண்டி பக்கத்து மரத்தைப் பார்த்தார். குக்குறுவான்கள் அடைந்துகொண்டிருந்தன. விடிந்தால் ஆரம்பித்துவிடும். பெருமூச்சு விட்டார்.

“ஒரு வருஷம் தூக்கம் போனாப் போகட்டும். எடுத்துக்கோங்க. விலை என்னன்னு பேசு.”

“அதுதான் முடியாது ஐயா. உங்க அடிவிலை எனக்குத் தெரியும். உங்க ஆளா இருந்தப்ப நீங்க சொன்னது. அதை இவங்களுக்காக நான் பயன்படுத்தக்கூடாது. விலையை நீங்களும் இவங்களும் நேரிலேயே பேசிக்கோங்க.”

சொல்லிவிட்டு அவன் மறுபடியும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான்.

இருளாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவளாயிக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகம் பேச்சே நடக்கவில்லை. ஆடி வரைக்கும் வேங்கை மரத்தடியில் தினம் பழம் என்று முடிந்தது.

“செவத்தான், காதை எடு” என்றார் இருளாண்டி. “தப்பு என்மேலே. உனக்குப் பேசின ராக்காவலை நான் கொடுத்துடறேன்.”

“வேண்டாம் ஐயா. இந்தத் தடவை நான் அவங்க ஆள். உங்ககிட்டேயும் வாங்கினா எனக்கும் துடுப்பனுக்கும் என்ன வித்தியாசம்?”

மரநாய் வந்து போன கிளையை நினைத்துக்கொண்டுதான் அவன் அதைச் சொன்னான். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பவளாயி அதைக் கவனித்துவிட்டாள். என்ன ராக்காவல் என்று கேட்டாள். இருளாண்டி சொன்னார்.

“அப்படின்னா ஒண்ணு செய்யலாம்” என்றாள் அவள். “ஐயா, ஆடி வரைக்கும் வீட்டுக்கு விலை. அதுக்கு மேலே ஐப்பசி வரைக்கும் நாங்க பழம் போடுறோம். அதுக்கு ஈடா நீங்க இவர் கூட்டுக்குக் காவல் இருக்கணும். செவத்தான் அண்ணே, இது அவர் கொடுக்கிறது இல்லே. எங்க ஆளுக்கு நாங்க கொடுக்கிற கமிஷன். வாங்கிக்க மாட்டேன்னு சொல்லிடாதீங்க.”

செவத்தான் பவளாயியைப் பார்த்துக் கையைக் கூப்பினான். அன்றைக்கு ராத்திரி அவன் பெண்டாட்டி கூட்டை விட்டுத் தலையை நீட்டிப் பார்த்தாள். எதிர்க்கிளையில் இருளாண்டி இரண்டு கண்ணையும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மருத மரத்துப் பொந்தில் பவளாயி வாசலை அடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்தது, உள்ளே ஈரம் தட்டவில்லை. துடுப்பன் மட்டும் ஒவ்வொரு மரமாகப் போய் ஒவ்வொரு குரலில் கூப்பிட்டுப் பார்த்தான். யார் குரலில் கூப்பிட்டாலும் அவன்தான் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

வாசல் பூச்சை உடைத்து வெளியே வந்த அன்று, புது இறகோடு பவளாயி தன் குஞ்சைக் கூட்டிக்கொண்டு முதலில் பறந்தது ஆகாயத்தைப் பார்க்க அல்ல, செவத்தானின் கிளைக்குத்தான். மூக்கில் நல்ல கனிந்த அத்திப்பழம் ஒன்று வைத்திருந்தாள். அதை அவன் முன்னால் வைத்தாள்.

“கண்ணு, நல்லாப் பார்த்துக்கோ” என்றாள் குஞ்சிடம். “உன் மாமா இவர்தான். அன்னைக்கு இவர் காதைப் பொத்தினதாலேதான் இன்னைக்கு நீ கண்ணைத் திறந்திருக்கே.”

எல்லாருக்கும் நான் உன் ஆள் என்று இனிக்கப் பேசுகிறவனைவிட, நான் உன் ஆள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவனை நம்பலாம்.